சப்பாத்திக்கள்ளி வந்த வழி

வறண்ட ஊர்களின் வேலி ஓரத்திலும் ஏரிக்கரை மேட்டிலும் புறம்போக்கிலும் புதராக நிற்கும் சப்பாத்திக்கள்ளி தமிழ் மண்ணில் பிறந்த செடி அல்ல. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி போன்றவை இங்கே தொன்றுதொட்டு இருப்பவை. கிள்ளினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளினால் பால் வராது, கொழகொழவென்ற பசைநீர்தான் கசியும். அது வேறொரு குடும்பம். ஒபன்ஷியா என்று தாவரவியலார் அழைக்கும் அந்தப் பேரினம் முழுவதற்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. கொலம்பஸின் பயணங்களுக்கு முன் அதில் ஒரு செடிகூட ஆசியாவில் இருந்ததில்லை. யாரும் கவனிக்காமலேயே வளரும் என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லப்பட்ட பெருமை. அதற்காகவே இதை வேலியாக நட்டுப் பரப்பினார்கள். அதனாலேயே பின்னர் இதை ஒழிக்கப் படாத பாடு பட்டார்கள். இப்போது அதே பெருமையைச் சொல்லித்தான் நாற்றுப்பண்ணைகளில் இது பூந்தொட்டிச் செடியாக விற்கப்படுகிறது.

இலை போலத் தோன்றும் தட்டையான பகுதி உண்மையில் தண்டு. இலைகள் தளிர்ப் பருவத்தில் சிறு கூம்புகளாகத் தோன்றிச் சில நாட்களில் உதிர்ந்துவிடும்; உணவு ஆக்கும் வேலையையும் நீர் சேமிக்கும் வேலையையும் தண்டே பார்த்துக்கொள்கிறது. மற்றச் செடிகள் பகலில் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது நீரையும் ஆவியாக இழக்கின்றன. சப்பாத்திக்கள்ளி இரவில்தான் துளைகளைத் திறக்கிறது. அப்போது இழுத்த கரியமில வாயுவை அமிலமாக்கிச் சேர்த்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அதைக் கொண்டே மாவுப்பொருளை ஆக்குகிறது. மேல்தோல் மெழுகு பூசியது. முள்ளில் இரண்டு வகை உண்டு: கண்ணுக்குத் தெரியும் நீண்ட முள் ஒன்று, அதன் அடியில் கொத்தாக இருக்கும் சுணை இன்னொன்று. சுணை ஒவ்வொன்றின் நுனியிலும் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் தோலில் ஏறினால் எளிதில் வராது. ஒடிந்து விழுந்த தட்டு தரையில் கிடந்தபடியே வேர்விடும். வெட்டிப் போட்டால் வெட்டிய துண்டுகளின் கணக்கில் செடிகள் பெருகும். இதன் வரலாறு முழுவதும் இந்த உடலமைப்பிலிருந்து பிறந்ததுதான்.

மெக்சிகோவில் இது உணவும் வேலியும் சாயமும் தந்த செடி. கள்ளியின் மேல் கழுகு அமர்ந்திருந்த இடத்தில் தங்கள் தலைநகரான டெனோச்டிட்லானை எழுப்பியதாக அஸ்டெக் மக்களின் மரபு சொல்கிறது. மெக்சிகோவின் கொடி நடுவே உள்ள சின்னம் அந்தக் காட்சிதான். இளம் தட்டுகளை முள் சீவி நறுக்கிச் சமைப்பது அங்கே அன்றாட வழக்கம். ஆனால் ஐரோப்பாவின் கண் பட்டது தட்டின் மேல் ஒட்டியிருந்த பூச்சியின் மீது.

கொச்சினீல் எனப்படும் அந்தப் பூச்சியில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அது, ஊசி போன்ற வாயைத் தட்டில் இறக்கிய இடத்திலேயே ஆயுள் முழுவதையும் கழிக்கிறது. உடலைச் சுற்றி வெண்பஞ்சு போன்ற மெழுகைச் சுரந்து மூடிக்கொள்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் செடியில் சுண்ணாம்பு தெறித்தது போலிருக்கும். அந்த வெள்ளைப் பொட்டு ஒன்றை விரலால் நசுக்கினால் விரல் முழுவதும் அடர்ந்த சிவப்பு ஒட்டிக்கொள்ளும். எறும்பு முதலிய எதிரிகளை விரட்டப் பூச்சி தன் உடலில் சேர்க்கும் கார்மினிக் அமிலம்தான் அந்தச் சிவப்பு. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 காய்ந்த பூச்சிகள் தேவை. கம்பளியிலும் பட்டிலும் இதற்கு ஈடான சிவப்பு அன்றைய ஐரோப்பாவில் இல்லை. ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் செந்நிற அங்கிகள் இதில்தான் தோய்க்கப்பட்டன. ஓஆகா பகுதியின் பழங்குடி உழவர்கள் வளர்த்த இப்பூச்சி, வெள்ளிக்கு அடுத்தபடியாக ஸ்பெயினுக்குப் பெரும் செல்வம் ஈட்டித் தந்தது. உயிருள்ள பூச்சி வெளியே போகாதபடி ஸ்பெயின் காவல் காத்தது. 1777இல் தியெரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் ஓஆகாவுக்குள் நுழைந்து, பூச்சியோடு கள்ளித் தட்டுகளையும் மறைத்து எடுத்துக்கொண்டு இன்றைய ஹெய்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஸ்பெயினின் இந்தத் தனியுரிமையை உடைக்க கிழக்கிந்தியக் கம்பெனி செய்த முயற்சிதான் கதையைச் சென்னைக்குக் கொண்டுவருகிறது. சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றும் கலை அதற்கு முன்பே தேர்ச்சி பெற்றிருந்தது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது அது அல்ல. இங்கிலாந்தின் கம்பளி ஆலைகளுக்கு ஏற்ற கொச்சினீல்.

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1786இல் இங்குள்ள ஒரு புல்லில் சிவப்புச் சாறுள்ள பூச்சியைக் கண்டு, அது கொச்சினீலாக இருக்கலாம் என்று லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் கடிதங்கள் கம்பெனியின் ஆர்வத்தைத் தூண்டிவிட்டன. உண்மையான பூச்சி எப்படியும் ஒருநாள் வந்து சேரும், வரும்போது அதற்குத் தீனி தயாராக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் எழுந்தது. மெக்சிகோவில் செடிக்கு வழங்கிய நோபால் என்ற பெயரால் அதை நோபால்ரி என்றார்கள். லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் செடிகள் வந்தன. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெரி பொறுப்பேற்றார்.

ஆண்டர்சன் எடுத்த வேலையில் ஊறிப்போகும் மனிதர். நுங்கம்பாக்கத்தில் தமக்கென ஒரு பெரும் தோட்டம் வைத்திருந்தார்; பட்டுக்காக முசுக்கொட்டையைப் பரப்பினார்; கள்ளியையும் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார். நெடுங்கடல் பயணத்தில் மாலுமிகளைக் கொல்லும் ஸ்கர்வி நோய்க்குக் கள்ளித் தட்டு மருந்தாகும் என்றும், வெட்டி வைத்தாலும் கப்பலில் நெடுநாள் வாடாது என்றும் எடுத்துச் சொன்னார். அவருடைய நோக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால் பூச்சி வரும் முன்னே செடி மட்டும் பெருகியது என்பதைப் பின்னாளில் நிகழ்ந்தவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் ரியோ டி ஜெனீரோவில் தங்கியபோது, பூச்சி பிடித்த சில கள்ளித் தட்டுகளை எடுத்துக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே தாவரவியல் தோட்டத்தில் விட்ட பூச்சிகள் ஏற்கெனவே நாட்டில் வளர்ந்திருந்த ஒரு கள்ளி இனத்தில் விரைந்து பெருகின. சென்னைக்கும் அவை அனுப்பப்பட்டன. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வந்தது மெக்சிகோவில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அல்ல, அதன் காட்டு உறவு. மெழுகுப் பஞ்சு மிகுதி, சாயம் குறைவு. சந்தையில் அதற்கு நல்ல விலை கிடைக்கவில்லை. வளர்ப்புப் பூச்சிக்கு மழையிலிருந்து காப்பும், புதிய தட்டுக்கு எடுத்துவிடும் கையும் வேண்டும். காட்டுப்பூச்சிக்கு அவை எதுவும் வேண்டாம். அதனால் பிழைத்தது காட்டுப்பூச்சி. சைதாப்பேட்டைத் தோட்டம் 1800இல் மூடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாக்குக்குப் போயின. திப்பு வீழ்ந்தபின் கம்பெனி வசமாகியிருந்த அந்தத் தோட்டம் பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாரின் பொறுப்பில் இருந்தது. ஆண்டர்சன் 1809இல் காலமானார். சான்ட்ரி என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கிய அவரது சிலை சென்னை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இருக்கிறது.

சாயத்துக்கு உதவாத பூச்சி வேறொரு வேலையைச் செய்தது. தான் குடியேறிய கள்ளி இனத்தை அது உறிஞ்சியே கொன்றது. ஒபன்ஷியா மொனகாந்தா என்ற அந்தத் தென்னமெரிக்க இனம் வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் பல இடங்களில் மறையத் தொடங்கியதைக் கண்டவர்கள், 1836–38இல் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே எடுத்து வந்து விட்டார்கள். 1860களின் நடுப்பகுதிக்குள் இலங்கைக்கும் அது போய்விட்டது. ஒரு களையை அடக்க அதைத் தின்னும் பூச்சியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விட்டதற்கு உலகில் கிடைக்கும் முதல் சான்று என்று களையியல் நூல்கள் இதைத்தான் காட்டுகின்றன. உயிரியல் கட்டுப்பாடு என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறையின் தொடக்கம் இந்த நாட்டின் கள்ளிப் புதர்களில் இருக்கிறது என்பது நம் பாடநூல்களில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

ஆனால் பூச்சி தொட்டது அந்த ஓர் இனத்தை மட்டுமே. தெற்கில் பரவியிருந்த மற்றோர் இனம், கரீபியன் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட ஒபன்ஷியா டில்லெனி, அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் வலுத்த மஞ்சள் முள்ளும் கொண்ட அதைத்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் அறிவார்கள்.

ஆடு மாடு புகாத வேலி வேண்டும், அதற்குக் காசும் தண்ணீரும் செலவாகக் கூடாது என்றால் இதைவிடச் சிறந்த செடி கிடையாது. அரசும் இதையே நம்பியது. உப்பு வரி ஏய்ப்பைத் தடுக்க ஆங்கில அரசு வட இந்தியாவின் குறுக்கே வளர்த்த மாபெரும் உயிர்வேலியில், ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பொறுப்பில் இருந்த 1860களின் இறுதியில், கருவேலும் களாவும் பிழைக்காத வறண்ட நிலங்களில் சப்பாத்திக்கள்ளி நடப்பட்டது. பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவர். அந்த உயிர்வேலி காத்த சுங்க எல்லை 1879இல் கைவிடப்பட்டது.

தெற்கில் வேலியாக நட்ட செடி வேலியைத் தாண்டியது. பழத்தைத் தின்ற பறவைகளும் நரிகளும் விதையைப் பரப்பின. வெள்ளம் தட்டுகளை அடித்துச் சென்று புதிய கரைகளில் ஒதுக்கியது. மேய்ச்சல் தரையும் நடைபாதையும் மூடிக்கொண்டன. பாம்பும் தேளும் அடையும் புதர்கள் வீடுகளை நெருங்கின. வெட்டிக் குவித்துக் கொளுத்தினாலும், குழி தோண்டிப் புதைத்தாலும், மிச்சம் விழுந்த ஒரு துண்டு அடுத்த மழையில் தலைநீட்டியது. அதே சமயம் ஊர்மக்கள் இதனோடு ஒரு உறவையும் வளர்த்துக்கொண்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் தட்டுகளைத் தீயில் வாட்டி முள்ளைப் பொசுக்கி, நறுக்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குப் பழம் தின்பண்டம். பழத்தைக் கவைக்குச்சியால் பறித்து, தரையில் போட்டுச் செருப்பாலோ கோணித் துண்டாலோ தேய்த்துச் சுணையைப் போக்கி, பிளந்து, நடுவில் நட்சத்திரம் போலிருக்கும் முள்ளைக் கவனமாக எடுத்தெறிந்த பிறகே வாயில் போடுவார்கள். அந்த முள்ளை எடுக்காமல் தின்றால் தொண்டையில் சிக்கும் என்று மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். உதடும் நாக்கும் பகல் முழுவதும் செக்கச்செவேலென்றிருக்கும்.

இதே பேரினம் ஆஸ்திரேலியாவில் நடத்திய அழிவு இன்னும் பெரியது. அங்கே அதைத் தொடங்கி வைத்தது ஒரு பூந்தொட்டி. 1839இல் நியூ சவுத் வேல்ஸின் ஸ்கோன் என்ற ஊருக்கு மருத்துவர் ஒருவர் சிட்னியிலிருந்து ஒரு செடியைத் தொட்டியில் எடுத்துச் சென்றார் என்று அந்நாட்டு ஆவணங்கள் சொல்கின்றன. அழகுக்கு வைத்தது வேலிக்கு மாறியது. அண்டை வீட்டார் துண்டு கேட்டு வாங்கினார்கள். டில்லெனிக்கு மிக நெருங்கிய உறவான அந்த ஒபன்ஷியா ஸ்டிரிக்டா 1925 வாக்கில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலுமாக 6 கோடி ஏக்கரைப் பிடித்திருந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அது. ஆர்சனிக் நஞ்சைத் தெளித்தும் தீரவில்லை. குடியேறிகள் பண்ணைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

வழி தேடி 1912இல் ஹார்வி ஜான்ஸ்டன், ஹென்றி டிரையன் என்ற இரண்டு அறிவியலாரை குயின்ஸ்லாந்து அரசு உலகப் பயணம் அனுப்பியது. அவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் கண்டது அந்தப் பழைய காட்டுக் கொச்சினீல் பூச்சியை. இலங்கையிலிருந்து சென்ற பூச்சியை டுலாக்கா என்ற ஊரின் சோதனை நிலையத்தில் ஜீன் ஒயிட் என்ற பெண் தாவரவியலார் வளர்த்துப் பெருக்கினார். அங்கே சிக்கல் தந்த மொனகாந்தா கள்ளியை அது சில ஆண்டுகளில் அடக்கிவிட்டது. பெரும் பகையான ஸ்டிரிக்டாவை மட்டும் தொடவில்லை. அதற்கு 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆலன் டாட் அனுப்பிய கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சி வர வேண்டியிருந்தது. அதன் புழுக்கள் கூட்டமாகத் தட்டுக்குள் புகுந்து உள்ளிருந்து தின்று கூழாக்கும். 1926இல் வெளியே விடத் தொடங்கி, 1933 வாக்கில் பெரும்பகுதி நிலம் மீண்டது. நன்றிக்கடனாக பூனார்கா ஊர் மக்கள் தங்கள் சமூகக் கூடத்துக்கு அந்த அந்துப்பூச்சியின் பெயரையே வைத்தார்கள்.

ஆஸ்திரேலிய முயற்சிகளின் பயன் திரும்பத் தமிழகத்துக்கும் வந்தது. ஸ்டிரிக்டாவுக்காக அங்கே அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இன்னொரு கொச்சினீல் இனம், டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே, டில்லெனியையும் தின்னும் என்று தெரிந்தது. 1924 அளவில் இலங்கையில் விட்ட அப்பூச்சியை 1926இல் அங்கிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சி ஒட்டிய தட்டுகளை நல்ல புதர்களின் மேல் வைத்துவிட்டால் போதும். குஞ்சுகள் காற்றில் பறந்து அடுத்த புதருக்குப் போய்விடும். வெண்பஞ்சு படர்ந்த தட்டுகள் மஞ்சளித்து, சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து மட்கின. சில ஆண்டுகளுக்குள் தென் மாவட்டங்களிலும் கோவைப் பகுதியிலும் பல்லாயிரம் ஏக்கர் வெளியாயிற்று. கோவையில் பணியாற்றிய அரசுப் பூச்சியியலார் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியக் கள்ளிகளின் பூச்சிகளைப் பற்றி அக்காலத்தில் விரிவாக எழுதினார்.

கள்ளி மறைவதை எல்லா இடத்திலும் ஊரார் வரவேற்றுவிடவில்லை. மடகாஸ்கரின் தெற்குப் பகுதியில் கால்நடைக்கும் மனிதருக்கும் வறட்சிக்கால உணவே அதுதான். 1924இல் அங்கே விட்ட பூச்சி சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகளை அழித்தபோது மாடுகள் மடிந்தன, பஞ்சம் வந்தது. ஒரு செடி யாருக்குக் களை என்பதைத் தொலைவில் இருந்த அரசு தீர்மானித்ததன் விலை அது.

1877இல் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டு, பின்னர் தமிழகம் முழுவதும் பரவிய சீமைக் கருவேலமும் கள்ளிக்குச் சொல்லப்பட்ட அதே பெருமைக்காகவே கொண்டுவரப்பட்டது: தண்ணீரோ கவனிப்போ இல்லாமல் வறண்ட நிலத்தில் வளரும், விறகாகும். இலங்கையின் புந்தல தேசியப் பூங்காவில் அதுவும் டில்லெனி கள்ளியும் ஒருசேரப் பரவிக் கிடக்கின்றன.

அழகுச் செடியாக இதன் பயணம் இருபதாம் நூற்றாண்டிலும் நின்றுவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் ஸ்குகுசா ஊழியர் குடியிருப்புத் தோட்டங்களில் 1950களில் வைத்த ஸ்டிரிக்டா, யானையும் பபூன் குரங்கும் பழம் தின்று விதை பரப்ப, காட்டுக்குள் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் போனது. கென்யாவின் லைகிப்பியா மேட்டுநிலத்திலும் காலனி அதிகாரிகள் அழகுக்கும் வேலிக்கும் வைத்ததுதான் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. ஆட்டின் வாயும் குடலும் சுணையால் புண்ணாகின. இரண்டு இடங்களிலும் கடைசியில் கொச்சினீல் பூச்சியையே அழைக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியா 2012இல் ஒபன்ஷியா வகைக் கள்ளிகளைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் அங்கே குற்றம்.

தமிழ்நாட்டின் மாடித் தோட்டங்களில் இப்போது காணப்படுபவை வேறு இனங்கள். நீண்ட முள்ளே இல்லாமல் பொன்னிறச் சுணைப் பொட்டுகள் மட்டும் கொண்ட மைக்ரோடேசிஸ், வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த மொனகாந்தா வகை, முள் குறைந்து சிவப்புப் பூப் பூக்கும் கொச்செனிலிஃபெரா ஆகியவை அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. முள் இல்லை என்று நம்பி மைக்ரோடேசிஸைத் தடவுகிறவர்தான் மிகுதியாக அவதிப்படுவார். அதன் சுணை தொட்ட மாத்திரத்தில் நூற்றுக்கணக்கில் கையேறும். வளர்ப்பு முறை எளிது. கணுவில் வெட்டிய தட்டை நிழலில் ஒரு வாரம் பத்து நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பின், செம்மண்ணும் பருமணலும் கலந்த தொட்டியில் அடிப்பகுதி மட்டும் புதையும்படி நிறுத்துவார்கள். வேர்விடும் வரை தண்ணீர் வேண்டாம். பிறகும் மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். முழு வெயில் வேண்டும். தொட்டியில் சாகும் கள்ளிகளில் பெரும்பாலானவை வறட்சியால் சாவதில்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அடியழுகித்தான் சாகின்றன. அந்த மாதங்களில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுவது வழக்கம். கழித்த தட்டுகளைக் குப்பைமேட்டிலோ ஓடைக்கரையிலோ எறியக் கூடாது. சிமெண்டுத் தரையில் முற்றிலும் உலர்த்தி எரிப்பதே சரி. தொட்டியில் வெண்பஞ்சுப் பொட்டுகள் தோன்றினால் நீரைப் பீய்ச்சியும் சோப்புக் கரைசலால் துடைத்தும் நீக்குகிறார்கள்.

அந்தப் பொட்டுகளுக்கு இப்போது புதிய முக்கியத்துவம் வந்திருக்கிறது. முள்ளில்லாக் கள்ளியைத் தரிசு நிலங்களில் தீவனத்துக்கும் எரிவாயுவுக்கும் பயிரிடும் திட்டத்தை இந்திய அரசின் நிலவளத் துறை 2022இல் முன்னெடுத்தது. அதற்கான ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா இனத்தையும் 1926இல் வந்த அந்தப் பூச்சி தின்னும். மொராக்கோவில் 2014இல் தலைகாட்டிய அதே பூச்சி, உழவர்கள் பழத்துக்காக வளர்த்த கள்ளித் தோப்புகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிட்டது. அங்கே பூச்சியைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்து மீண்டும் நட வேண்டியதாயிற்று. தென்னிந்தியாவில் நூறாண்டாக நிலைத்துவிட்ட பூச்சி அது என்பதால், இங்கு நடப்போகும் வகைகளும் அதைத் தாங்குமா என்று முதலில் சோதிக்கப்பட வேண்டியவை.